வீட்டு வீடியோ கேம் கன்சோலைச் சுத்தம் செய்தலும் பராமரித்தலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் பிளேஸ்டேஷன் 4, பிளேஸ்டேஷன் 5 ஆகிய இரண்டையும் மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. எக்ஸ்பாக்ஸ், நின்டெண்டோ ஸ்விட்ச், பழைய கேசட் கன்சோல்கள் ஆகியவற்றுக்குச் செய்முறை மாறும் இடங்களில் அது தனியே சொல்லப்பட்டுள்ளது.

கேள்வி: வாங்கிய புதிதில் எங்கள் பிளேஸ்டேஷன் 4 சத்தமே போடாது. இப்போது பெரிய கேம் எதைப் போட்டாலும் மிக்ஸி ஓடுவது போல இரைகிறது. கெட்டுப்போய்விட்டதா?

பெரும்பாலும் கெட்டுப்போயிருக்காது, காற்று போகும் வழி அடைபட்டிருக்கும். விளையாடும்போது கன்சோலின் முதன்மைச் சில்லில் (சிப்) உண்டாகும் வெப்பம், ஹீட் சிங்க் எனப்படும் உலோகத் தகடுகளின் அடுக்குக்குப் போகிறது. விசிறி அந்தத் தகடுகளின் இடுக்குகள் வழியே காற்றைத் தள்ளி, வெப்பத்தைப் பின்புறமாக வெளியேற்றுகிறது. இடுக்குகள் மிகக் குறுகலானவை. துணியிலிருந்து உதிரும் இழையும் தலைமுடியும் தெருப்புழுதியும் அங்கே படிந்து, நாளடைவில் கம்பளித் துண்டு போலக் கெட்டிப்பட்டுவிடும். அதன் பிறகு அதே வெப்பத்தை வெளியேற்ற விசிறி முன்னைவிடப் பல மடங்கு உழைக்க வேண்டியிருக்கிறது. உங்களுக்குக் கேட்கும் இரைச்சல் அதுதான். அதையும் மீறிச் சூடேறினால், கருவி மிகவும் சூடாகிவிட்டது என்ற எச்சரிக்கை திரையில் தோன்றி, கன்சோல் தானாகவே நின்றுவிடும்.

நம் ஊர் வெயிலையும் இங்கே கணக்கில் கொள்ள வேண்டும். பிளேஸ்டேஷன் 4, பிளேஸ்டேஷன் 5, ஸ்விட்ச் ஆகிய மூன்றுமே 5 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலில் இயங்குவதற்காக வடிவமைக்கப்பட்டவை. கத்திரி வெயில் காலத்தில் வேலூரிலோ மதுரையிலோ ஒரு மொட்டைமாடிக்குக் கீழுள்ள அறை, பிற்பகலில் அந்த 35-ஐ எளிதாகத் தாண்டிவிடும். குளிர்நாட்டில் உள்ள ஒருவருக்குப் பொறுத்துக்கொள்ளத்தக்க அளவாக இருக்கும் தூசி, மே மாதத்தில் நமக்கு ஆபத்தாகிவிடுவதற்கு இதுவே காரணம். அந்த நாட்களில் விளையாட்டைக் காலையிலோ இரவிலோ வைத்துக்கொள்வது, எந்தத் துப்புரவுப் பொருளையும்விட அதிகம் உதவும்.

சூடு தொடர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு எக்ஸ்பாக்ஸ் 360 ஒரு பாடம். 2005-இல் வெளிவந்த அந்தக் கன்சோலில் சிவப்பு விளக்குகள் மூன்று எரிந்து கருவி செயலிழக்கும் பழுது மிகப் பரவலாக ஏற்பட்டதால், மைக்ரோசாஃப்ட் நிறுவனம் 2007 ஜூலையில் அதற்கான உத்தரவாதத்தை மூன்று ஆண்டுகளாக நீட்டித்து, 100 கோடி டாலருக்கும் அதிகமான தொகையை ஒதுக்க நேர்ந்தது. அது வடிவமைப்புக் குறை, தூசியின் குற்றமன்று. ஆயினும் திரும்பத் திரும்பச் சூடாகிக் குளிர்வதால் சில்லின் நுண்ணிய இணைப்புகள் விரிசல் விடும் என்ற உண்மை எல்லாக் கன்சோல்களுக்கும் பொருந்தும்.

கேள்வி: எவ்வளவு நாளுக்கு ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டும்?

வெளிப்புறத்தை வாரம் ஒருமுறை துடைத்தால் போதும். காற்றுத் துளைகளில் படியும் தூசியை மாதம் ஒருமுறை எடுத்துவிட வேண்டும். சாலையோர வீடு, பக்கத்தில் கட்டட வேலை, வீட்டுக்குள் நாய் அல்லது பூனை என்றால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மூடியைக் கழற்றி உள்ளே சுத்தம் செய்வதை நாள்காட்டியைப் பார்த்துத் தொடங்காதீர்கள். துளைகளைச் சுத்தம் செய்த பிறகும் இரைச்சல் குறையவில்லை அல்லது சூடு எச்சரிக்கை வருகிறது என்றால் மட்டுமே அதற்குத் தேவை வந்திருக்கிறது. வெளியே அடிக்கடி, உள்ளே அரிதாக என்பதே என் உறுதியான கருத்து. நான் கண்டவரை, தூசியால் பழுதான கன்சோல்களுக்குச் சற்றும் குறையாத எண்ணிக்கையில், தேவையில்லாமல் திறந்து பார்த்ததால் பழுதானவை இருக்கின்றன.

பல வீடுகளில் ஆயுத பூஜைக்கு முந்தைய நாள்தான் ஆண்டின் பெரிய துப்புரவு நாள். கன்சோலையும் அன்று எடுத்துத் துடைப்பது நல்ல வழக்கம். சந்தனமும் குங்குமமும் வைப்பதாக இருந்தால் துளையே இல்லாத சமதளப் பகுதியில் மட்டும் வையுங்கள். காய்ந்து உதிரும் பொடியை விசிறி உள்ளே இழுத்துக்கொள்ளும். சாம்பிராணிப் புகை போடும்போது கன்சோல் அணைந்திருக்கட்டும்.

கேள்வி: என்னென்ன பொருள்கள் தேவை? வீட்டில் இருப்பவையே போதுமா?

உலர்ந்த மைக்ரோஃபைபர் துணி ஒன்று, மென்மையான பெயின்ட் பிரஷ் ஒன்று, பழைய டூத் பிரஷ் ஒன்று, காது குடையும் பஞ்சுக் குச்சிகள், கேமரா லென்ஸுக்குப் பயன்படுத்தும் ரப்பர் ப்ளோயர் ஒன்று ஆகியவை இருந்தால் வெளிப்புற வேலை அனைத்தும் முடிந்துவிடும். பிசுக்கு நீக்குவதற்கு ஐசோப்ரோபைல் ஆல்கஹால் வேண்டும். 90 சதவீதத்துக்கு மேல் தூய்மையுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். 70 சதவீதக் கரைசலில் மீதி தண்ணீர் என்பதால் அது மெதுவாகக் காயும். இந்தத் திரவம் எளிதில் தீப்பற்றும். விளக்கு, அடுப்பு எரியும் இடத்தில் பயன்படுத்தாமல், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, பிளக்கைப் பிடுங்கிய பிறகே எடுக்க வேண்டும்.

கை சுத்தம் செய்யும் சானிடைசரை இதற்கு மாற்றாகக் கொள்ளாதீர்கள். அதில் சேர்க்கப்படும் கிளிசரின் காயாமல் ஒட்டிக்கொண்டு புதிய தூசியைப் பிடித்துவைக்கும். தின்னர், பெட்ரோல், நெயில் பாலிஷ் நீக்கி ஆகியவை பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரேயைத் துளைகளின் மேல் நேரடியாக அடிப்பதும் கூடாது.

கேள்வி: வெளிப்புறத்தைச் சுத்தம் செய்யும் சரியான முறை என்ன?

கன்சோலை முழுவதுமாக அணைத்து, அதாவது அரைத்தூக்க நிலையான ரெஸ்ட் மோடில் விடாமல், பிளக்கைக் கழற்றி அரை மணி நேரம் ஆறவிடுங்கள். பிறகு பிரஷ்ஷால் துளைகளின் மேல் உள்ள தூசியை வெளிப்புறமாகத் தள்ளுங்கள். உள்நோக்கித் தள்ளினால் நீங்கள் தூசியை அகற்றவில்லை, இடம் மாற்றுகிறீர்கள். தூசி நீங்கிய பிறகே துணியால் துடைக்க வேண்டும். பளபளப்பான கறுப்புப் பரப்பில் மணல் துகள் இருக்கும்போதே துடைத்தால் நுண்ணிய கீறல்கள் விழுந்து, அவை பிறகு மறையவே மறையாது.

பிளேஸ்டேஷன் 5-இல் இந்த வேலையை எளிதாக்கும் ஏற்பாடு ஒன்று உள்ளது. அதன் பக்கவாட்டு வெள்ளைத் தகடுகளைக் கருவி எதுவும் இல்லாமல் கையாலேயே கழற்றலாம். உள்ளே தூசி திரண்டு சேர்வதற்கென்றே இரண்டு துளைகள் அமைக்கப்பட்டுள்ளன. 2020 அக்டோபரில் சோனி வெளியிட்ட காணொளியில், அந்நிறுவனத்தின் பொறியாளர் யசுஹிரோ ஒட்டோரி கன்சோலைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் காட்டியபோது இவற்றைச் சுட்டிக்காட்டி, வேக்குவம் கிளீனரால் இவற்றிலிருந்து தூசியை உறிஞ்சி எடுக்கலாம் என்று விளக்கினார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை இதைச் செய்தாலே பெரும்பாலான வீடுகளில் உட்புறத்துக்கு வேறு எதுவும் தேவைப்படாது.

எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் கன்சோலில் வெப்பக் காற்று மேற்புறமாக வெளியேறுகிறது. அதன் உச்சியில் ரிமோட், சாவிக்கொத்து, பூந்தொட்டி என்று எதையும் வைக்காமல் இருப்பதே அதற்கான பெரிய பராமரிப்பு.

கேள்வி: காற்று அடைத்த டின், கணினிக் கடைகளில் உள்ள ப்ளோயர், வீட்டு வேக்குவம் கிளீனர் இவற்றில் எது பாதுகாப்பானது?

மூன்றையும் பயன்படுத்தலாம், ஒவ்வொன்றிலும் ஓர் ஆபத்து இருப்பதை அறிந்து பயன்படுத்த வேண்டும். டின்னை நிமிர்த்திப் பிடித்து, குலுக்காமல், சிறு சிறு அழுத்தங்களாக அடிக்க வேண்டும். சாய்த்துப் பிடித்தால் உள்ளிருக்கும் திரவம் அப்படியே பீய்ச்சி, பட்ட இடத்தைக் கடுங்குளிராக்கி ஈரத்தைப் படியவைக்கும். மின்சார ப்ளோயரின் வேகம் மிக அதிகம் என்பதால் ஒரு முழத் தூரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேக்குவம் கிளீனரின் பிளாஸ்டிக் முனையில் நிலைமின்சாரம் சேரக்கூடும். வெளித்துளைகளுக்கும் பிளேஸ்டேஷன் 5-இன் தூசித் துளைகளுக்கும் அது ஏற்றது, திறந்து கிடக்கும் சர்க்யூட் போர்டின் அருகே அதைக் கொண்டுபோகக் கூடாது.

எதைப் பயன்படுத்தினாலும் விசிறியின் இறக்கையைச் சுழலவிடாதீர்கள். வேகக் காற்றில் அது தன் அளவுக்கு மீறிச் சுழன்றால் பேரிங் தேய்ந்துபோகும். விசிறி கண்ணுக்குத் தெரியும் நிலையில் இருந்தால் ஒரு பஞ்சுக் குச்சியால் இறக்கையைத் தடுத்துப் பிடித்துக்கொண்டு ஊதுங்கள். வாயால் ஊதுவது மட்டும் வேண்டவே வேண்டாம். எச்சில் துளி தூசியைச் சேறாக்கி ஒட்டவைத்துவிடும். தேய்ந்த விசிறிக்குத் தையல் மெஷின் எண்ணெய் விடுவது நம்மவர்களின் பழைய பழக்கம். சில நாள் சத்தம் குறையும், பிறகு எண்ணெயில் தூசி அப்பிக்கொண்டு முன்னைவிட மோசமாகும். விசிறியை மாற்றுவதே சரி.

கேள்வி: நானே கன்சோலைத் திறந்து உள்ளே சுத்தம் செய்யலாமா? தெர்மல் பேஸ்ட் மாற்ற வேண்டுமா?

இதற்கு ஒரே பதில் கிடையாது. எந்தக் கன்சோல் என்பதைப் பொறுத்தது.

2013-இல் வெளிவந்த முதல் வடிவப் பிளேஸ்டேஷன் 4-ஐப் பொறுமையுள்ள ஒருவர் திறக்க முடியும். பின்புறத் திருகாணிகள் ஸ்டிக்கர்களுக்கு அடியில் இருக்கின்றன; அவற்றைக் கழற்ற, நட்சத்திர வடிவில் நடுவே துளையுள்ள டார்க்ஸ் முனை தேவை. டி8 அல்லது டி9 அளவு பொருந்தும். சென்னை ரிச்சி தெருவிலும், எந்த ஊரிலும் செல்போன் உதிரிப்பாகம் விற்கும் கடைகளிலும் இத்தகைய முனைகள் அடங்கிய பெட்டி கிடைக்கும். அடிப்பக்க மூடியை எடுத்ததும் பவர் சப்ளை கண்ணில் படும். அதன் உறையைத் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உள்ள கெப்பாசிட்டர்களில் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கக்கூடும். அதை முழுதாக எடுத்துவிட்டுப் பார்த்தால் விசிறியும் ஹீட் சிங்கும் தெரியும். தூசி மெத்தை படிந்திருப்பது அங்கேதான். இந்த அளவோடு நிறுத்திக்கொண்டு, பிரஷ்ஷாலும் காற்றாலும் சுத்தம் செய்து மூடிவிடலாம். கழற்றும் ஒவ்வொரு நிலையிலும் செல்போனில் ஒரு படம் எடுத்துவைப்பதும், திருகாணிகளை அவை இருந்த இடத்தின் வரிசைப்படி ஒரு தாளில் ஒட்டிவைப்பதும், மூடும்போது மிகுந்த துணையாக இருக்கும்.

தெர்மல் பேஸ்ட் என்பது சில்லுக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தும் பசை. பல ஆண்டுகளில் அது காய்ந்து சுண்ணாம்புப் பற்று போலாகிவிடும். தூசியை முற்றிலும் அகற்றிய பிறகும் கன்சோல் இரைந்தால் மட்டுமே அதை மாற்ற நினைக்க வேண்டும். அதற்குப் போர்டையே வெளியே எடுக்க வேண்டியிருப்பதால், அனுபவமுள்ள பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதையே பரிந்துரைக்கிறேன். பேஸ்ட் போடும்போது உங்கள் கண்முன்னே போடச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை.

பிளேஸ்டேஷன் 5-இல் பேஸ்ட்டுக்குப் பதிலாகத் திரவ உலோகம் உள்ளது. அது மின்சாரத்தைக் கடத்தும். ஒரு துளி வழிந்து போர்டில் பட்டாலே கன்சோல் ஷார்ட் ஆகிவிடும். ஆகவே அதன் பக்கத் தகடுகளுக்கு அப்பால் வீட்டில் யாரும் போகக் கூடாது. உத்தரவாதக் காலம் முடியாத எந்தக் கன்சோலையும் நிறுவனத்தின் சேவை மையத்தைத் தவிர வேறெங்கும் திறக்கக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: கன்சோலுக்குள்ளிருந்து கரப்பான் பூச்சி வெளியே வருகிறது. என்ன செய்வது?

வெட்கப்பட வேண்டியதில்லை, பழுதுபார்க்கும் கடைக்காரர்கள் இதை வாடிக்கையாகப் பார்க்கிறார்கள். இருட்டு, கதகதப்பு, ஆள்நடமாட்டமின்மை ஆகிய மூன்றும் ஒருங்கே அமைந்த இடம் கரப்பானுக்குக் கிடைப்பது அரிது. பவர் சப்ளை உள்ளேயே இருக்கும் பிளேஸ்டேஷன் 4, அதிலும் இரவெல்லாம் ரெஸ்ட் மோடில் விடப்பட்ட கன்சோல், அதற்கு ஏற்ற வீடாகிவிடுகிறது. பூச்சி மின்பாதைகளுக்குக் குறுக்கே செத்துக் கிடந்தாலோ அதன் கழிவு போர்டில் படிந்தாலோ ஷார்ட் ஏற்பட்டுப் பவர் சப்ளை கருகிப்போகும்.

துளை வழியே பூச்சி மருந்தை அடிப்பதுதான் எல்லோரும் முதலில் செய்யும் தவறு. அந்த ஸ்ப்ரேக்களில் பல தீப்பற்றக்கூடியவை. அவற்றின் எண்ணெய்ப்பசையும் போர்டில் தங்கிவிடும். அதற்கு மாறாக, கரப்பான் ஜெல்லை டிவி மேசையின் அடியிலும் சுவர் இடுக்கிலும் புள்ளி புள்ளியாக வைத்து, கன்சோலைச் சில நாட்கள் பிளக்கிலிருந்து கழற்றிக் குளிரவிடுங்கள். கதகதப்புப் போனதும் அவை இடம் மாறும், மாறும்போது ஜெல்லைத் தின்னும். அதன் பிறகு கன்சோலைத் திறந்து சுத்தம் செய்யக் கொடுக்கலாம். கொடுக்கும்போது உள்ளே பூச்சி இருந்ததைச் சொல்லிவிடுவது நாகரிகம். பல்லி, எறும்பு தொல்லைக்கும் இதே அணுகுமுறைதான். விளையாடிக்கொண்டே மிக்சர் தின்னும் பழக்கம் உள்ள வீட்டில் எறும்பை மட்டும் குறைசொல்ல முடியாது.

கேள்வி: கன்சோலை எங்கே வைப்பது நல்லது? நிறுத்தி வைக்கலாமா, படுக்க வைக்கலாமா?

உரிய ஸ்டாண்டு பொருத்தப்பட்டிருந்தால் பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டையும் எப்படியும் வைக்கலாம். வட்டு சுழன்றுகொண்டிருக்கும்போது நிலையை மாற்றுவதுதான் ஆபத்து. வட்டில் வளையம் போன்ற கீறல் விழுந்துவிடும்.

திசையைவிட இடமே முக்கியம். சுவரிலிருந்து குறைந்தது 10 சென்டிமீட்டர் தள்ளி, எல்லாப் பக்கமும் காற்றுப் புழங்கும்படி வையுங்கள். கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் வைத்துக் கதவை மூடினால் கன்சோல் தான் வெளியேற்றிய சூட்டையே மறுபடி உள்ளிழுக்கும். தரைவிரிப்பின் மேல் வைப்பதும், தூசி படக்கூடாது என்ற நல்லெண்ணத்தில் ஓடும் கன்சோலுக்குத் துணியுறை போடுவதும் கூடாது. உறை, ஓய்வில் இருக்கும்போது மட்டும். ஏசியின் குளிர்காற்று நேரடியாகப் படும் இடத்தையும், ஜன்னல் வழியே சாரல் அடிக்கும் இடத்தையும் தவிருங்கள். கடற்கரையை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்றால் போர்ட்டுகளின் உலோகம் பாசி பிடித்தது போலக் களிம்பேறும்; பயன்படுத்தாத போர்ட்டுகளுக்கு ரப்பர் மூடி போடுவது அங்கே பயன் தரும். கன்சோலின் முதுகில் மாட்டும் கூடுதல் விசிறிகளை நான் பரிந்துரைப்பதில்லை. அவை தூசியையும் சேர்த்தே இழுக்கின்றன.

கேள்வி: மின்வெட்டும் மின்னழுத்த ஏற்றத்தாழ்வும் கன்சோலைப் பாதிக்குமா?

பாதிக்கும். விளையாட்டைச் சேமித்துக்கொண்டிருக்கும் நொடியில் மின்சாரம் போனால் அந்தக் கோப்பு சிதையலாம். ஹார்ட் டிஸ்க் உள்ள பிளேஸ்டேஷன் 4-இல் இந்த ஆபத்து கூடுதல். சிறிய யுபிஎஸ் ஒன்று இருந்தால் சேமித்துவிட்டு முறையாக அணைக்கும் அவகாசம் கிடைக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுவதாக இருந்தால் அது சீரான அலையாக மின்சாரம் தரும் சைன் வேவ் வகையாக இருக்கட்டும். சதுர அலை இன்வெர்ட்டரில் பவர் சப்ளை வீணாகச் சூடேறும்.

இடி மின்னலின்போது சுவிட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே பிடுங்க வேண்டும். பலர் மறப்பது இன்னொன்றை: கேபிள் டிவி ஒயர் வழியாகவோ இன்டர்நெட் ஒயர் வழியாகவோ வரும் மின்னல் அதிர்ச்சி, டிவியைக் கடந்து எச்டிஎம்ஐ கேபிள் மூலம் கன்சோலை எட்டிவிடும். ஆகவே மழைக்காலத்தில் அந்த ஒயர்களையும் கழற்றிவிடுவதே முழுப் பாதுகாப்பு. எச்டிஎம்ஐ கேபிளைக் கழற்றும்போதும் மாட்டும்போதும் இரு கருவிகளும் அணைந்திருக்க வேண்டும். நேராக இழுக்க வேண்டும், ஆட்டி ஆட்டி இழுத்தால் உள்ளே உள்ள ஊசி போன்ற முனைகள் வளைந்துவிடும்.

அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த பழைய கன்சோல் என்றால், பிளக்கைச் செருகுவதற்கு முன் பின்புறத்திலோ அடாப்டரிலோ அச்சிட்டிருக்கும் மின்னழுத்த அளவைப் படியுங்கள். 100 முதல் 240 வோல்ட் என்று இருந்தால் கவலையில்லை. 120 வோல்ட் மட்டும் என்று இருந்தால், இந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள 230 வோல்ட்டில் அது ஒரே நொடியில் எரிந்துவிடும்.

கேள்வி: வட்டில் கீறல் விழுந்துவிட்டது. பற்பசை தேய்த்தால் சரியாகும் என்கிறார்களே?

பிளேஸ்டேஷன் 3, 4, 5, எக்ஸ்பாக்ஸ் ஒன் வட்டுகளுக்கு அதைச் செய்யவே செய்யாதீர்கள். பழைய சிடியில் தரவு 1.2 மில்லிமீட்டர் கனமுள்ள பிளாஸ்டிக்குக்கு அப்பால், லேபிளை ஒட்டி இருந்தது; டிவிடியில் 0.6 மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. எனவே அவற்றின் மேற்பரப்பைச் சற்றே தேய்த்து மெருகேற்ற இடம் இருந்தது. மேற்சொன்ன கன்சோல்கள் பயன்படுத்தும் ப்ளூ-ரே வட்டில் தரவு வெறும் 0.1 மில்லிமீட்டருக்கு அடியில் இருக்கிறது. அதைக் காக்கவே மேலே கடினப் பூச்சு ஒன்று பூசியிருக்கிறார்கள். பற்பசையில் உள்ள அரைக்கும் துகள் அந்தப் பூச்சைத்தான் முதலில் அழிக்கும்.

பல சமயம் கீறல் என்று நாம் நினைப்பது விரல் பிசுக்காகவே இருக்கும். மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேர்க்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால், தப்பித்தவறி விழும் கீறல் தரவு ஓடும் பாதையின் நெடுகிலும் விழுந்து தொடர்ச்சியாகப் பல தகவல்களை அழிக்கும். குறுக்கே விழும் சிறு கீறலையோ, பிழைதிருத்தும் முறையால் கருவி தானே சமாளித்துக்கொள்ளும். எந்த வட்டைப் போட்டாலும் படிக்கவில்லை என்றால் குறை பெரும்பாலும் கன்சோலுக்குள் வட்டைப் படிக்கும் லென்ஸில் இருக்கிறது.

கேள்வி: கன்ட்ரோலரைத் தொடாமலேயே ஆட்டக்காரர் தானாக நகர்கிறார். பட்டன்களும் ஒட்டுகின்றன.

ஒட்டும் பட்டனுக்குக் காரணம் வியர்வையும் எண்ணெய்ப்பசையும். பல்குத்தும் குச்சியால் பட்டனைச் சுற்றியுள்ள இடுக்கைச் சுரண்டி, ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்த பஞ்சுக் குச்சியால் சுற்றித் துடைத்து, பலமுறை அழுத்தி விடுங்கள். பஜ்ஜி தின்ற கையோடு விளையாட வரும் பிள்ளைகளை முதலில் கைகழுவச் சொல்வதுதான் நிரந்தரத் தீர்வு.

தானாக நகர்வது வேறு வகை நோய். கன்ட்ரோலரில் கட்டைவிரலால் சாய்க்கும் குச்சியின் அடியில், அது எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அளக்கக் கார்பன் பூசிய சிறு தடங்களும் அவற்றின் மேல் உரசும் உலோக நுனிகளும் உள்ளன. பல லட்சம் முறை உரசியதும் தடம் தேய்ந்து, துகள் சேர்ந்து, தவறான அளவு போகிறது. குச்சியின் அடியில் ஒரு துளி ஆல்கஹாலை விட்டு எல்லாத் திசையிலும் நன்றாகச் சுழற்றிக் காயவைத்தால், துகளால் வந்த கோளாறு சில வாரங்களுக்கோ மாதங்களுக்கோ நீங்கும். தேய்மானத்தால் வந்தது நீங்காது. சில விளையாட்டுகளின் அமைப்புப் பகுதியில் டெட் ஸோன் என்ற அளவை, அதாவது குச்சியின் எவ்வளவு சிறிய அசைவைக் கணக்கில் எடுக்காமல் விடலாம் என்பதை, சற்றுக் கூட்டினால் சிறிய நகர்வை மறைக்கலாம். அதன் பின் குச்சிப் பகுதியை மாற்றுவதுதான் வழி. சாதாரண கன்ட்ரோலரில் அதற்குச் சால்டரிங் தேவை. பிளேஸ்டேஷன் 5-க்காக 2023 ஜனவரியில் வந்த டூயல்சென்ஸ் எட்ஜ் கன்ட்ரோலரில் அந்தப் பகுதியைத் தனியே கழற்றி மாற்றலாம். காந்தத்தால் அளக்கும், உரசலே இல்லாத குச்சியைச் சேகா நிறுவனம் 1998-இலேயே ட்ரீம்காஸ்ட் கன்சோலின் கன்ட்ரோலரில் பயன்படுத்தியிருந்தது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வழி எல்லாக் கன்ட்ரோலர்களிலும் பொது வழக்கமாகாதது எனக்கு உண்மையான வருத்தம்.

கேள்வி: சுத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் மெனு திறக்கவே நேரமாகிறது.

இது தூசியின் வேலையன்று. கன்சோலை முழுதாக அணைத்துவிட்டு, பவர் பட்டனை இரண்டாவது பீப் ஒலி கேட்கும்வரை, ஏறத்தாழ 7 நொடிகள், அழுத்திப் பிடித்தால் கோளாறு நீக்குவதற்கான சேஃப் மோட் மெனு திறக்கும். கன்ட்ரோலரை யுஎஸ்பி கேபிளால் இணைத்து, ஐந்தாவது தேர்வின் கீழ் டேட்டாபேஸை, அதாவது கன்சோலில் உள்ளவற்றின் பட்டியலைப், புதுப்பியுங்கள். பிளேஸ்டேஷன் 4, 5 இரண்டிலும் எண் அதுவே. ஆறாவதும் ஏழாவதும் அனைத்தையும் அழித்துவிடும். அவற்றைத் தொடாதீர்கள்.

கேள்வி: கன்சோலின் மேல் தண்ணீர் கொட்டிவிட்டது. வெள்ளத்தில் நனைந்த கன்சோலைக் காப்பாற்ற முடியுமா?

முதலில் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றுங்கள். வேலை செய்கிறதா என்று பார்ப்பதற்காக ஒரே ஒருமுறைகூட ஆன் செய்யாதீர்கள். தண்ணீர் கொல்லாத கன்சோலை அந்த ஒருமுறை கொன்றுவிடும். அரிசிக்குள் புதைப்பதால் பயனில்லை, மாவும் தூளும்தான் உள்ளே போகும். வெறும் தண்ணீர் என்றால் திறந்து உலர்த்தக் கொடுக்கலாம். காபி, குளிர்பானம் என்றால் சர்க்கரை படிந்துவிடும் என்பதால் போர்டை ஆல்கஹாலால் கழுவ வேண்டியிருக்கும்.

சென்னையில் 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் தரைத்தள வீடுகளுக்குள் வந்தது சேறும் சாக்கடையும் கலந்த நீர். அதில் மூழ்கிய கருவி பார்வைக்கு உலர்ந்த பிறகும் உள்ளே அரித்துக்கொண்டே இருக்கும். பிளேஸ்டேஷன் 4-இன் ஹார்ட் டிஸ்க்கைத் தனியே எடுக்க முடியும் என்றாலும், அதில் உள்ளவற்றை வேறொரு கன்சோல் படிக்காது. ஆகவே சேமித்த ஆட்டங்களை அவ்வப்போது பென் டிரைவில் நகலெடுத்து வையுங்கள். பிளேஸ்டேஷன் 5 ஆட்டங்களுக்கு அந்த வசதி இல்லை. பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவோடு வரும் ஆன்லைன் சேமிப்புதான் உண்டு. மழைக்காலம் தொடங்கும்போது கன்சோலை டிவி மேசையின் கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டுக்கு மாற்றிவிடுங்கள்.

கேள்வி: பரணில் பழைய கேசட் கன்சோல் கிடைத்தது. கேசட்டை ஊதிப் போட்டால் ஓடும் என்பது உண்மையா?

நம் வீடுகளில் தொண்ணூறுகளில் இருந்தவை பெரும்பாலும், 1983-இல் ஜப்பானில் வெளிவந்த நின்டெண்டோ ஃபேமிகாமின் நகல்கள். அந்தக் கேசட்டின் அடியில் 60 உலோக முனைகள் உள்ளன. ஊதியபின் ஓடியதற்குக் காரணம் ஊதியதன்று. கழற்றி மறுபடி செருகியதில் முனைகள் சரியாகப் பொருந்தியதுதான். மூச்சின் ஈரம் முனைகளில் களிம்பேற்றும். ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் முனைகளைத் தேய்த்தால் கறுப்புக் கறுப்பாக அழுக்கு வரும். குச்சி வெள்ளையாக வரும்வரை தேய்த்து, நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள். உப்புத்தாள் மேற்பூச்சை உரித்துவிடும், வேண்டாம்.

கேள்வி: பரீட்சை முடியும்வரை கன்சோலை எடுத்து வைக்கப் போகிறோம். எப்படி வைப்பது?

உள்ளே உள்ள வட்டை எடுத்துவிட்டு, சுத்தம் செய்து, வாங்கிய பெட்டியிலேயே சிலிகா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். பாச்சை உருண்டை போடக் கூடாது. அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கும். கன்ட்ரோலரைப் பாதியளவு சார்ஜ் செய்து வைக்க வேண்டும். முற்றிலும் தீர்ந்த நிலையில் பல மாதங்கள் கிடந்தால் பேட்டரி மீளாது. ஸ்விட்ச் கன்சோலை ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது சார்ஜ் செய்யுமாறு நின்டெண்டோவே கூறுகிறது. பல ஆண்டுகள் கிடந்த பிளேஸ்டேஷன் 4-இல் தேதியும் நேரமும் தவறாகக் காட்டினால், போர்டில் உள்ள சி.ஆர். 2032 என்ற காசு வடிவ பேட்டரி தீர்ந்திருக்கும். கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும் அதை, அடுத்தமுறை உள்ளே சுத்தம் செய்யக் கொடுக்கும்போது மாற்றித் தரச் சொல்லலாம்.